மாமன் சீருக்கு எடுத்த பட்டு, பட்டே இல்லை என்றால்?

மதுரையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருடைய நாத்தனார் மகளுக்குத் தென்காசியில் திருமணம். இன்னும் இருபத்து நான்கு நாள்தான் இருக்கிறது. கணவர் தாய்மாமன் என்பதால், சீர்த்தட்டோடு மேடையேறும்போது இவரும் உடன் நிற்க வேண்டும். அதற்காகவே, நாத்தனார் சொன்ன காஞ்சிபுரம் கடை ஒன்றுக்குப் போய், மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட புடவை ஒன்றை 22,500 ரூபாய்க்கு எடுத்திருக்கிறார். 18,000 ரூபாயை யுபிஐ மூலமும் மீதியை ரொக்கமாகவும் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் தந்தது ஒரு 'எஸ்டிமேட்' சீட்டு. அதில் 'சாரி 1 – 22,500' என்று மட்டும் எழுதி, கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று முத்திரை குத்தியிருக்கிறது. புடவையில் தொங்கிய அட்டையில் 'சுத்தப் பட்டு, அசல் சரிகை' என்று அச்சிட்டிருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, ஃபால்ஸ் தைத்த பெண் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்தபோது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துணி சுருங்கிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. அவர் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தார். முடி கருகும் வாசனை வரவில்லை. கறுப்பாக ஒரு கெட்டி உருண்டைதான் மிஞ்சியது. கடைக்குப் போன் செய்தபோது, "சூடு அதிகமாக வைத்திருப்பீர்கள்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். பில் இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா, வழக்குக்காகக் காஞ்சிபுரத்துக்கு அலைய வேண்டுமா, திருமணத்துக்கு அதையே உடுத்திவிட்டு அப்புறம் வழக்குப் போடலாமா, கடையின் பெயரைச் சொல்லி வீடியோ போடலாம் என்று மகள் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறார். கடைசிக் கேள்விதான் அவரைத் தூங்கவிடாதது: மணப்பெண்ணின் முகூர்த்தப் பட்டும் அதே கடையில் எடுத்தது. நாத்தனாரிடம் சொல்வதா, வேண்டாமா? "கல்யாண வீட்டில் கலகம் வேண்டாம்" என்கிறார் கணவர்.

அன்புள்ள சகோதரிக்கு,

இதைப் படித்து முடிக்கும் முன்பாகவே தையற்காரப் பெண்ணுக்குப் போன் செய்து, ரவிக்கைத் துணியை வெட்ட வேண்டாம் என்றும், முந்தியில் குஞ்சம் கட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். தைத்த ஃபால்ஸையும் அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். சுருங்கிய இடத்தைப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகை வழக்குகளில் கடைக்காரர் முதலில் எடுக்கும் ஆயுதம், "வாங்கிப் போன பிறகு நீங்கள்தான் பொருளைக் கெடுத்தீர்கள்" என்பதே. ரவிக்கை வெட்டாத புடவை அந்த ஆயுதத்தைப் பெருமளவு மழுங்கடித்துவிடும்.

அந்தப் புடவையை உடுத்தலாமா?

கூடாது என்றே சொல்வேன். ஒரு முறை உடுத்திவிட்டால் உரிமை போய்விடும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. ஆனால் சட்டம் ஒன்று, வழக்கு நடக்கிற விதம் இன்னொன்று. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் அம்மையாருக்கு உங்களைப் போலவே நியாயம் முழுக்க அவர் பக்கம்தான் இருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவருடைய முகநூலிலிருந்து மூன்று விசேஷங்களின் படங்களை எடுத்து வரிசையாக அடுக்கினார். மூன்றிலும் அதே புடவை, முகத்தில் அதே சிரிப்பு. எங்கள் கோரிக்கை முற்றிலும் தோற்கவில்லை என்றாலும், அன்று மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குத் தலை நிமிர்த்தச் சற்று நேரம் பிடித்தது.

சட்டத்துக்கு அப்பாற்பட்ட காரணமும் உண்டு. நீங்கள் நிற்கப்போவது ஹோம குண்டத்துக்கு அருகில். அசல் பட்டு தீப்பட்டால் கருகும். நெருப்பை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியில் ஒட்டியதைக் கண்ணால் பார்த்த நீங்கள், அதை உடுத்திக்கொண்டு அக்னிக்குப் பக்கத்தில் குனிந்து சீர்த்தட்டை வைக்க வேண்டாம்.

தையற்காரப் பெண் கண்டுபிடித்தது என்ன?

அவர் கெட்டிக்காரர்; அவர் செய்த சோதனை நெசவாளர்களும் செய்வதுதான். பட்டு ஒரு புரதம் என்பதால், எரியும்போது தலைமுடி கருகும் நாற்றம் வரும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். ரேயான் என்றால் காகிதம் எரிவது போல எரியும். ஆனால் அவர் உருவியது ஓரத்திலிருந்து ஒரே ஓர் இழை. பாவில், அதாவது நீளவாட்டு நூலில், பட்டும் ஊடையில், அதாவது குறுக்குவாட்டில், வேறு நூலும் போட்டு நெய்வது உண்டு. பார்டரில் ஒன்றும் உடலில் ஒன்றுமாகப் போடுவதும் உண்டு. ஆகவே உள்முனையிலிருந்து நீளவாட்டில் ஓர் இழை, குறுக்குவாட்டில் ஓர் இழை என எடுத்துத் தனித்தனியே கொளுத்திப் பார்க்க வேண்டும். உங்கள் திருமணப் பட்டு பீரோவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தும் ஓர் இழையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் மூக்குக்கே தெரிந்துவிடும். இதற்கு மேல் இழைகளை உருவ வேண்டாம்.

வீட்டுச் சோதனை நமக்குத் தெளிவைத் தரும்; எதிராளியின் வாயை அடைக்காது. மத்தியப் பட்டு வாரியத்தின் கீழ்த் துணிச் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. அவ்வாரியத்தின் ஆதரவில் 2004-இல் தொடங்கிய, அசல் பட்டுக்குச் சான்றுச் சீட்டு தரும் சில்க் மார்க் அமைப்பிடம் கேட்டால் உங்களுக்கு வசதியான கூடத்தைச் சொல்வார்கள். அங்கிருந்து எழுத்தில் ஓர் அறிக்கை வாங்கிவிடுங்கள். செலவானதற்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் அதையும் சேர்த்துக் கேட்கலாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி: "காஞ்சிபுரத்திலேயே வாங்கியதால், ஜிஐ முத்திரை இருக்கிற ஊர் என்பதால், ஏமாற மாட்டோம் என்று நினைத்தேன்." இப்படி நினைப்பவர் பலர். காஞ்சிபுரம் பட்டுக்கு ஜிஐ எனப்படும் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-06-இல். அக்குறியீடு குறிப்பிட்ட முறையில் நெய்யப்பட்ட சரக்குக்கு உரியது. அந்த ஊரில் கடை வைத்திருப்பதால் மட்டும் அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு புடவைக்கும் வந்துவிடாது. விசைத்தறியில் ஓடிய வெளியூர்ச் சரக்கு, கோயில் வாசலிலேயே 'தறிக்காரர் வீட்டு விலை'க்கு விற்கப்படுகிறது. அதுபோலவே, தனி எண்ணும் ஹோலோகிராமும் கொண்ட சில்க் மார்க் சீட்டு பட்டு இழைக்கு மட்டுமே உத்தரவாதம். சரிகைக்கு அன்று, கைத்தறிக்கும் அன்று. உங்கள் புடவையில் தொங்கியது அந்தச் சீட்டும் இல்லை, கடைக்காரரே அச்சடித்துக்கொண்ட அட்டை என்று நீங்கள் அனுப்பிய படத்திலிருந்து தெரிகிறது. அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 'சுத்தப் பட்டு' என்று அவர் எழுத்தில் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். எனக்கு எஸ்டிமேட் சீட்டைவிட அதுதான் முக்கியம்.

சரிகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரபான காஞ்சிபுரச் சரிகை என்பது பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. இன்று நியாயமான கடைகளிலும் இந்த விலைக்குக் கிடைக்கும் பல புடவைகளில் செப்பை ஆதாரமாகக் கொண்ட சரிகைதான் இருக்கும். அதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. ஆகவே சரிகையை முதல் புகாராக வைக்காதீர்கள். பட்டு இல்லை என்பது முதுகெலும்பு. 'அசல் சரிகை' என்ற பொய் அதற்குத் துணை.

பில் இல்லை, 'திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற முத்திரை இருக்கிறது

இரண்டுமே உங்களைக் கட்டுப்படுத்தும் என்று நம்பியிருக்கிறீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47), முறையற்ற வணிகச் செயல்கள் எவை என்று சொல்கிறது. பொருளின் தரத்தையோ சேர்மானத்தையோ பொய்யாகச் சொல்லி விற்பது அதில் வருகிறது. பில் அல்லது ரசீது கொடுக்காமல் இருப்பதும் வருகிறது. அதாவது பில் இல்லாதது உங்கள் குறை இல்லை, அவருடைய தவறு. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. பில்லில் ஒரு காலக்கெடு குறித்திருந்தால் அதற்குள், குறிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். 'எடுக்கவே மாட்டோம்' என்ற முத்திரையைக் காலக்கெடு என்று வாதிட முடியாது என்பது என் கருத்து. இஸ்திரி போட்டபோது நீங்கள் வாங்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வாங்கிய நாளிலிருந்து முப்பது நாள் முடியும் முன் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அந்த நாள் தாண்டினாலும் வழக்கு செத்துவிடாது, புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் முப்பது நாளுக்குள் கேட்ட கடிதம் கையில் இருப்பது ஒரு பலம்.

வாங்கியதற்குச் சான்று உங்களிடம் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. 18,000 ரூபாய் யாருடைய கணக்குக்குப் போனது என்பது வங்கிக் கணக்கு அறிக்கையில் இருக்கும். போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைவிட அந்த அறிக்கை உறுதியானது, அதைக் கேட்டு வாங்குங்கள். கடையில் உட்கார்ந்தபடியே மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில், விற்பனையாளர் புடவையை விரித்துப் பிடித்திருப்பதும் அட்டை தொங்குவதும் தெரிகின்றன. தேதியும் நேரமும் அதில் இருக்கின்றன. உங்கள் போனிலும் மகளின் போனிலும் அந்த உரையாடலை அழிக்காமல் வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்த 4,500 ரூபாய்க்கு அந்த எஸ்டிமேட் சீட்டின் மொத்தத் தொகையே ஆதாரம்.

யாரிடம், எந்த வரிசையில்?

முதலில் கடைக்காரருக்கு ஒரு கடிதம். வழக்கறிஞர் அறிவிப்பு கட்டாயமில்லை, நீங்களே எழுதலாம். வாங்கிய நாள், தொகை, அட்டையில் இருந்த வாசகம், இஸ்திரி செய்தபோது நடந்தது, பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை, அதற்குப் பத்து நாள் கெடு: இவ்வளவு போதும். வசைச்சொல் ஒன்றுகூட வேண்டாம். ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்பி, அதே கடிதத்தைப் படமெடுத்து அவருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்புங்கள். என் அனுபவத்தில், போனில் எகிறிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் எழுத்தைக் கண்டதும் "மாற்றிக் கொடுத்துவிடுகிறோம்" என்று இறங்கி வருவார்கள். மாற்றுப் புடவைக்குச் சம்மதிப்பதா என்பது உங்கள் விருப்பம். சம்மதித்தால், சில்க் மார்க் சீட்டும் ஜிஎஸ்டி எண்ணோடு கூடிய பில்லும் இல்லாமல் வாங்காதீர்கள். பழைய புடவையை ஒப்புதல் எழுதி வாங்காமல் கையைவிட்டு விடவும் வேண்டாம். புடவை அவரிடம் போய்விட்டால் வழக்கும் அதோடு போய்விடும்.

கடிதத்துக்குப் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம், கட்டணம் இல்லை. அவர்கள் கடைக்காரரோடு பேசிப் பார்ப்பார்கள், உத்தரவிட அதிகாரம் கிடையாது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். காஞ்சிபுரத்துக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை: புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. பழைய சட்டத்தில் இது இல்லாமல், நாகர்கோவில்காரர் சென்னைக் கடையின் மேல் வழக்குப் போடச் சென்னைக்கு ரயில் ஏறிய காலத்தை நான் பார்த்திருக்கிறேன். செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். துணியைச் சோதிக்க வேண்டும் என்று ஆணையம் கருதினால் மாதிரியை முத்திரையிட்டுத் தானே சோதனைக்கூடத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும் என்று எண்ணி மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் கேட்கலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். கேட்பதற்குத் தடையில்லை, கிடைப்பதற்கு வாய்ப்பில்லை. புடவை விலை, சோதனைச் செலவு, வழக்குச் செலவு, அதற்கு மேல் நியாயமான ஓர் இழப்பீடு என்று அளவோடு கேட்பவரின் மனுவையே ஆணையம் மதிப்போடு படிக்கிறது. காவல் நிலையத்தைப் பற்றி: இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318-இல் மோசடிக்கு இடம் உண்டு. ஒற்றைப் புடவைப் புகாரை எடுத்துக்கொண்டு போனால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள் என்றே பெரும்பாலும் சொல்வார்கள். இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மகளின் வீடியோ யோசனை

மகளின் கோபம் நியாயமானது. வீடியோவைப் போட வேண்டாம். சோதனை அறிக்கை வரும் முன்பே கடைப் பெயரைச் சொல்லி "போலிப் பட்டு விற்கிறார்கள்" என்று வெளியிட்டால், அதே சன்ஹிதாவின் பிரிவு 356-இன் கீழ் அவதூறு வழக்கு போடும் வாய்ப்பை அவர் கையில் நீங்களே கொடுத்ததாகும். உண்மை உங்கள் பக்கம் இருந்தாலும் அதை நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். இன்று நீங்கள் புகார்தாரர். நாளை குற்றம் சாட்டப்பட்டவராக நிற்க வேண்டாம்.

நாத்தனாரிடம் சொல்வதா?

இதைக் கடைசிக் கேள்வியாக வைத்திருக்கிறீர்கள், நான் இதையே அதிக நேரம் யோசித்தேன். சொல்லுங்கள். கணவரின் அச்சம் எனக்குப் புரிகிறது. கடையைக் காட்டியவரே நாத்தனார்; "நீ சொன்ன கடையில் ஏமாந்தேன்" என்று தாய்மாமன் வீட்டிலிருந்து சொன்னால் அது புடவைப் பேச்சாக நிற்காமல் சீர் பேச்சு, மரியாதைப் பேச்சு என்று எங்கேயோ போகும். ஆனால் சொல்லாமல் விட்டால், மணமேடையில் நெருப்புக்கு மிக அருகில், நீண்ட நேரம் உட்காரப் போகிறவள் அந்தப் பெண்தான். திருமணம் முடிந்து ஆறு மாதத்தில் அந்தப் பட்டும் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டினால், "மாமி உங்களுக்கு முன்பே தெரியுமாமே" என்ற பேச்சும் வரும். அப்போது கணவர் பயப்படும் கலகம் இரண்டு மடங்காகும்.

சொல்லும் விதத்தில்தான் சூட்சுமம். போனில் வேண்டாம், உறவினர் கூடியிருக்கும்போதும் வேண்டாம். அழைப்பிதழ் வேலையாகவோ வேறு சாக்காகவோ ஒரு நாள் நேரில் போங்கள். கணவரும் உடன் வந்தால் நல்லது, ஆனால் பேசுவது நீங்களாக இருக்கட்டும். உங்கள் புடவையில் சுருங்கிய இடத்தைக் காட்டி, "எனக்கு இப்படி ஆகிவிட்டது, பெண் புடவையை ஒரு தடவை பார்த்துவிடுவோமா அக்கா" என்று கேளுங்கள். கடையைக் குறை சொல்லாதீர்கள், அவர் தேர்வைக் குறை சொல்லாதீர்கள். அவரும் உங்களைப் போலவே ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம் என்பதை அவரே உணர இடம் விடுங்கள். முகூர்த்தப் பட்டு அசலாகவே இருக்கவும் வாய்ப்பு உண்டு: அதிக விலைக்குச் சரியான சரக்கும், நடுவிலைக்கு இப்படியும் விற்கும் கடைகள் உள்ளன. அப்படியென்றால் எல்லோருக்கும் நிம்மதி. போலி என்றால், மாற்றுப் பட்டு எடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்த ரவிக்கையையும் வெட்டாமல் வைத்து, அவர் பெயரில் தனிப் புகார் செய்யட்டும். ஒரே கடையின் மேல் இரண்டு புகார் இருப்பது இருவருக்குமே பலம்.

இனி நீங்கள் உடுத்த வேண்டியதற்கு வருகிறேன். 1999-இல் எடுத்த உங்கள் கல்யாணப் பட்டு கத்திரிப்பூ நிறம், கோர்வை பார்டர் என்று எழுதிவிட்டு, "அதையே கட்டினால் தாய்மாமன் வீட்டில் புதுசு எடுக்கவில்லையா என்று கேட்பார்கள்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேட்கட்டும். "எங்கள் கல்யாணப் பட்டு" என்று நீங்கள் சொன்ன பிறகு அடுத்த கேள்வி கேட்க எந்தப் பெரியம்மாவாலும் முடியாது. மணப்பெண் அரக்கு உடுத்துவதாகச் சொல்கிறீர்கள். கத்திரிப்பூ அதோடு மோதாது, மேடையில் தனித்தும் தெரியும். அவசரத்தில் இன்னொரு 20,000 ரூபாயை அதே மாதிரி ஒரு கடையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். ஆணையத்தில் பணம் திரும்பக் கிடைத்த பிறகு நிதானமாக எடுக்கலாம்.

ஆண்டுக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்பிலேயே விட்டுப்போகும். இன்று மாலையே எடுத்து, வெயில் படாத இடத்தில் விரித்துக் காற்றாட விடுங்கள். மடிப்பை மாற்றிப் போட்டு, எங்கேனும் இழை விலகியிருக்கிறதா என்று முந்தியையும் பார்டர் சேரும் இடத்தையும் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அன்றைய ரவிக்கை இன்று பொருந்தாது, அது எல்லோருக்கும் உள்ளதுதான். பார்டர் நிறத்தில் ஒன்றை அந்தத் தையற்காரப் பெண்ணிடமே கொடுங்கள். பட்டை அறிந்தவர் அவர்.